காரைக்கால் வீட்டுப் பரணில் கிடைத்த பிரெஞ்சு ராணி படம்: யார் இவர், எந்தக் காலத்து அச்சு?

அரசலாற்றங்கரை எழுதியது:

வணக்கம். காரைக்காலில் தாத்தா வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறோம். பரணிலிருந்து இறக்கிய பித்தளை அண்டா, தேக்குப் பெட்டி, ஊஞ்சல் சங்கிலி எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ஒரு படத்தை மட்டும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை, அதைக் கேட்கத்தான் இங்கே வந்தேன்.

தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். வியட்நாமின் சைகோனில் இருந்துவிட்டு பிரெஞ்சு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். படம் அவர் கொண்டுவந்ததா, இங்கேயே எங்காவது ஏலத்தில் எடுத்ததா என்று சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை. வீட்டில் "வெள்ளைக்கார ராணி" என்றுதான் சொல்வோம். வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்குப் பொட்டு வைக்கிற பாட்டி, வரிசையில் இருக்கிறதே என்று இதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார். அந்தக் கறை கண்ணாடியில் சரியாக நெற்றிக்கு நேராக அப்படியே இருக்கிறது.

படம் கறுப்பு வெள்ளை. சட்டத்தோடு சேர்த்து ஒரு முழ உயரம் இருக்கும். தோள் வரைக்கும் ஒரு பெண். தலையில் வெள்ளை இறகு செருகிய ஏதோ ஒரு அலங்காரம், கழுத்தில் முத்து, கவுனின் இடுப்பு மார்புக்குக் கீழேயே ஆரம்பிக்கிறது. அழகி என்று சொல்ல முடியாது, மூக்கு கொஞ்சம் தூக்கல், சிரிப்பு கிடையாது, கண்ணைப் பார்த்தால் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி. கீழே சரிந்த எழுத்தில் இரண்டு வரி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அத்தை வாசித்துச் சொன்னபடி, "மரி தெரேஸ் ஷார்லோத், துஷேஸ் தாங்குலேம்", அதற்குக் கீழே "வெர்சாயில் பிறந்தவர், 19 டிசம்பர் 1778". படத்தை ஒட்டி இடது மூலையில் பொடி எழுத்தில் ஏதோ பெயர் இருந்திருக்கிறது, அதை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. வலது மூலையில் "ஸ்கல்ப்" என்று ஒரு பாதிச் சொல் மட்டும் மிச்சம்.

பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது தலை வெட்டப்பட்ட மகாராணி, அந்தக் காலத்து அசல், இப்பவே காசு தருகிறேன் என்கிறார். பெரியப்பா கொடுத்துவிடலாம் என்கிறார். சித்தி ஒரு படி மேலே போய், தஞ்சாவூரில் தெரிந்தவரிடம் கொடுத்து தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்து ஹாலில் மாட்டலாம் என்கிறார். எனக்கு இரண்டிலும் மனசு ஒப்பவில்லை. இது யார், அச்சா, கையால் வரைந்ததா, எவ்வளவு பழசு, எப்படி வைத்துக்கொள்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டிகிரி காபி எழுதியது:

மரி அந்துவானெத்தேதான், பிரெஞ்சுப் புரட்சியில் தலை போன ராணி, சந்தேகமே வேண்டாம். ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று சொன்ன மகராசி. வியாபாரிக்கு உடனே கொடுத்துவிடாதீர்கள், இந்த மாதிரிப் படத்துக்கு வெளிநாட்டில் நல்ல விலை போகும்.


கீழவாசல் எழுதியது:

மரி அந்துவானெத் இல்லை. அவர் பிறந்தது 1755இல், வியன்னாவில். படத்திலேயே 1778, வெர்சாய் என்று போட்டிருக்கிறதே. இது அவருடைய மூத்த மகள். அந்த கேக் பேச்சையும் விட்டுவிடலாம், அதை அவர் சொன்னதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது.

வியாபாரி சொன்னதற்கு நேர் எதிர் இந்தப் பெண்ணின் கதை. 16ஆம் லூயி மன்னரின் குடும்பத்தில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள், உயிரோடு வெளியே வந்தது இவர் ஒருத்திதான். 1792 ஆகஸ்டில் பாரிஸ் ஜனங்கள் அரண்மனைக்குள் புகுந்த பிறகு, அப்பா, அம்மா, அத்தை எலிசபெத், தம்பி, இவர் எல்லோரையும் தாம்ப்ல் என்ற பழைய கோட்டைக் கோபுரத்தில் அடைத்தார்கள். இவருக்கு அப்போது 13 வயது. 1793 ஜனவரி 21 அப்பா தலை போனது. ஜூலையில் தம்பியை அம்மாவிடமிருந்து பிடுங்கிக் கீழ் மாடியில் தனியாகப் போட்டார்கள். ஆகஸ்டில் அம்மாவை வேறு சிறைக்குக் கொண்டுபோய் அக்டோபர் 16இல் முடித்தார்கள். அடுத்த மே மாதம் அத்தை. அதன்பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலே அந்த அறையில் இந்தப் பெண் தனி ஆள். தம்பி அதே கட்டடத்தில், காலுக்குக் கீழே இருக்கிற அறையில் நோயில் கிடந்து 1795 ஜூனில் 10 வயதில் இறந்தான், அக்காவைப் பார்க்க விடவில்லை.

இதில் என்னை ரொம்பப் படுத்துகிற விஷயம், அம்மாவும் அத்தையும் செத்துப்போனதை இவரிடம் யாரும் சொல்லவே இல்லை என்பதுதான். அம்மாவைப் பற்றித் தகவல் கேட்டுக் கேட்டு, பதில் வராமல், உலகத்திலேயே துக்கப்பட்டவள் நான்தான், அம்மா நீ நல்லாயிரு, அப்பா மேலேயிருந்து பார்த்துக்கொள் என்கிற அர்த்தத்தில் சிறைச் சுவரில் எழுதிவைத்தார். 1795இல் துணைக்கு ஒரு பெண்மணியை அனுப்பினார்களே, அவர் வாயால்தான் ஒவ்வொரு சாவும் தெரியவந்தது, மொத்தமாக.

விடுதலையும் இரக்கப்பட்டு நடந்ததில்லை. ஆஸ்திரியாவிடம் பிடிபட்டிருந்த பிரெஞ்சு ஆட்களுக்கு மாற்றாக இவரைக் கொடுத்தார்கள், 1795 டிசம்பர் கடைசியில், பாசல் நகருக்குப் பக்கத்தில். மாற்றிக்கொண்ட கைதிகளில் ஒருவர் துரூவே. யார் அவர்? 1791இல் மன்னர் குடும்பம் மாறுவேஷத்தில் தப்பி ஓடியபோது வழியில் அடையாளம் கண்டு பிடித்துக்கொடுத்த தபால் நிலையக்காரர். இப்படி ஒன்றை நாடகத்தில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

1799இல் கல்யாணம், மித்தாவ் என்ற ஊரில், இப்போது லாத்வியா நாட்டில் இருக்கிறது. மாப்பிள்ளை அங்குலேம் பிரபு, அப்பாவின் கடைசித் தம்பி மகன். அந்த வழியில் வந்த பட்டம்தான் உங்கள் படத்தில் இருப்பது. இங்கிலாந்தில் கொஞ்ச காலம் அகதி வாழ்க்கை. 1814இல் நெப்போலியன் விழுந்து சித்தப்பா 18ஆம் லூயி பட்டத்துக்கு வர, இவர் திரும்பவும் பாரிசுக்குள் போனார். அடுத்த வருஷமே நெப்போலியன் திரும்பி வந்தபோது சித்தப்பா ஓட, இவர் போர்தோ நகரில் நின்று சிப்பாய்களைத் திரட்டிப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் ஒரே ஆம்பிளை இவர்தான் என்று நெப்போலியனே சொன்னதாகச் சொல்வார்கள். 1830இல் இன்னொரு புரட்சி. மாமனார் 10ஆம் ஷார்ல் பட்டத்தைத் துறக்க, கணவரும் கொஞ்ச நேரத்திலேயே கையெழுத்துப் போட்டார். இடையில் இருந்த சுமார் 20 நிமிஷத்துக்கு இவர் பிரான்சின் ராணி என்று ஒரு கணக்கு உண்டு. எடின்பர்க், பிராக், கொரீசியா என்று அலைந்து 1851 அக்டோபர் 19இல் ஆஸ்திரியாவில் காலமானார். சமாதி இன்றைய ஸ்லோவேனியாவில் ஒரு மடத்தில்.

கண் அழுத மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நேரில் பார்த்தவர்களும் சிவந்த கண் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள்.


வெண்ணாற்றுத் தண்ணீர் எழுதியது:

அண்ணே ஒரு நிமிஷம். சித்தப்பா மகனா? மாப்பிள்ளை 1775இல் பிறந்தவர் என்றால் நம்மூர்க் கணக்கில் அண்ணன் முறையாச்சே! எங்கள் ஆத்தாவிடம் சொன்னால் தலை தப்பியது பெரிசில்லை, இதுதான் பெரிய புரட்சி என்பார்.


கீழவாசல் எழுதியது:

பங்காளிக்குள் பெண் எடுப்பது அங்கே ராஜ குடும்பங்களில் சர்வ சாதாரணம், போப்பிடம் அனுமதி வாங்கிவிடுவார்கள். குழந்தை இல்லை அவர்களுக்கு.


சட்டமும் கண்ணாடியும் எழுதியது:

படத்தில் இருப்பவர் யார் என்பதை நண்பர் சொல்லிவிட்டார், காகிதத்தைப் பற்றி நான் சொல்கிறேன். கும்பகோணத்தில் படச் சட்டம் போடுகிற தொழில், பழைய காகிதப் படங்கள் நிறைய கைக்கு வரும்.

முதலில், அம்மா, உங்கள் சித்தியிடம் நல்லபடியாகச் சொல்லி அந்தத் தங்க ரேக்கு யோசனையை நிறுத்துங்கள். பலகையில் துணி ஒட்டி, சுக்காங்கல் பூச்சு போட்டு வரைகிற தஞ்சாவூர்ப் படத்துக்கென்று உள்ள வேலை அது. அச்சுப் படத்துக்கு ரேக்கும் சம்கியும் ஒட்டி அலங்காரம் செய்கிற பழக்கமும் நம் பக்கம் உண்டுதான், சாமி படத்துக்குச் செய்வார்கள், அதற்கென்று ஒரு அழகு இருக்கிறது. இதில் செய்தால் காகிதம் காலி.

"ஸ்கல்ப்" என்று வலது மூலையில் இருந்தால் அது தகட்டில் செதுக்கியவரின் பெயர் நிற்கிற இடம். இடது மூலையில் இருந்தது மூல ஓவியத்தை வரைந்தவர் பெயராக இருக்கும். ஆக இது கையால் வரைந்த படம் இல்லை. செப்புத் தகட்டில் செதுக்கி, மை தேய்த்து, மேல்மையைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் கொடுத்து அழுத்தி எடுத்த அச்சு. அந்த அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாக இறங்கிவிடும், படத்தைச் சுற்றி நாலு பக்கமும் லேசான ஒரு தடம். நாங்கள் பிளேட் மார்க் என்போம். படத்தைச் சாய்த்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரியும்.

அப்புறம் ஒரு லென்ஸ். வாட்ச் ரிப்பேர்க்காரரிடமோ ஆசாரியிடமோ இருக்கும், கேட்டால் தருவார்கள். கன்னத்தைப் பாருங்கள். புள்ளிகள் கட்டம் போட்ட மாதிரி ஒரே சீராக வரிசையாக நின்றால் அது புத்தகத்துக்கோ காலண்டருக்கோ போட்ட பிற்கால அச்சு, 1880க்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை, பெரும்பாலும் நம் பாட்டன் காலம்தான். புள்ளிகள் பெரிசும் சிறிசுமாக, நிழல் இருக்கும் இடத்தில் நெருக்கமாகவும் வெளிச்சத்தில் விலகியும் கையால் குத்தின மாதிரி இருந்தால், 1800ஐ ஒட்டி முகங்களுக்கு ரொம்பப் பிடித்தமான புள்ளிச் செதுக்கு முறை. புள்ளியும் இல்லாமல் கோடும் இல்லாமல் மெழுகுச் சாக்பீசில் தேய்த்த மாதிரி இருந்தால் கல்லச்சு, அதில் பிளேட் மார்க்கும் இருக்காது. கோடுகள் முடியை விட மெலிசாக, நெருக்கமாக, கொஞ்சம் விறைப்பாக இருந்தால் எஃகுத் தகடு, 1820க்கு மேல். எஃகில் ஆயிரக்கணக்கில் அடிக்கலாம், செம்பு அதற்கு முன்பே தேய்ந்துவிடும்.

சட்டத்தைக் கழற்றுவது என்றால் மேசையில் துணி விரித்து, கண்ணாடி கீழே வரும்படி கவிழ்த்து, பின்னாலிருந்து ஆணியை எடுங்கள். காகிதம் கண்ணாடியில் எங்காவது ஒட்டியிருந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், பிய்க்கக் கூடாது. பின்னால் அட்டை, செய்தித்தாள், கடைச் சீட்டு எது இருந்தாலும் எறியாதீர்கள், முதலில் போட்டோ எடுங்கள்.


திருமலைராயன் எழுதியது:

இன்னொரு கோணம். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, புரட்சிக் காலத்துச் சண்டையில் 1793இல் இங்கிலீஷ்காரன் பிடுங்கிக்கொண்டான், 1817 தொடக்கத்தில்தான் திருப்பிக் கொடுத்தான். அப்போது பாரிசில் பட்டத்தில் இருந்தது இந்த அம்மாவின் சித்தப்பா. அதாவது காரைக்காலில் ஏறிய கொடி இவர்கள் குடும்பத்து வெள்ளைக் கொடி, மூவண்ணம் 1830க்குப் பிறகுதான். புதுசாக வந்த அதிகாரிகள் ராஜ குடும்பத்துப் படங்களைக் கச்சேரிகளில் (அரசு அலுவலகங்களில்) மாட்ட எடுத்து வந்திருப்பார்கள், அதில் ஒன்றுதான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். இது காரைக்கால் சரித்திரம், வியாபாரிக்குக் கொடுப்பது பாவம்.


கீழவாசல் எழுதியது:

தேதிகள் சரி, "அதில் ஒன்றுதான்" என்கிற இடத்தில்தான் சறுக்குகிறது ஐயா. இருந்திருக்கலாம் என்பதற்கும் இருந்தது என்பதற்கும் நடுவே காவிரி அளவுக்கு இடைவெளி. கச்சேரியில் மாட்டிய படம் ஒரு சொல்தா வீட்டுக்கு எந்த வழியாக வந்தது? ஒரு சீட்டு, ஒரு முத்திரை, ஏலப் பட்டியலில் ஒரு வரி ஏதாவது வேண்டாமா? இந்த மாதிரி அச்சுகள் பாரிசில் ஆற்றங்கரைப் பழைய புத்தகக் கடைகளிலும் துறைமுக ஊர்க் கடைகளிலும் கட்டுக் கட்டாகக் கிடந்தவை. கவர்னர் தேவையில்லை, ஒரு சிப்பாயின் சம்பளமே போதும்.

அதே சமயம், ஐரோப்பிய அச்சுப் படம் நம் பக்கம் வருவதற்கு பிரெஞ்சுக் கொடிதான் வழி என்பதும் இல்லை. சரபோஜி மன்னர் (இவரைவிட ஒரு வயசு மூத்தவர், 1777) எத்தனை படம் வரவழைத்தார்! மனுஷ முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ ப்ரன் படங்கள் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் மாட்டியிருக்கின்றன, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்து எல்லோரும் சிரித்திருப்போம்.

படத்தின் காலத்துக்கு ஒரு நல்ல தடயம் பட்டம். 1799க்கு முன்னால் என்றால் மதாம் ருவாயால் என்றோ 16ஆம் லூயியின் மகள் என்றோ போடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு துஷேஸ் தாங்குலேம். 1824இல் மாமனார் மன்னர் ஆனதும் கணவர் பட்டத்து இளவரசர், இவர் மதாம் லா தோஃபின். ஆகவே உங்கள் படத்தின் தகடு எழுதப்பட்டது பெரும்பாலும் 1799க்கும் 1824க்கும் நடுவில். இறகும் மார்புக்குக் கீழ் இடுப்பும் பாரிசுக்குத் திரும்பிய பிறகு வந்த படங்களில் உள்ள கோலம். ஓவியர் ஆந்துவான் ழான் க்ரோ 1816இல் இவரை வரைந்த படத்திலும் வெள்ளை இறகுகள் உண்டு. எனவே 1814க்குப் பின் என்று நான் சாய்வேன். இது தகட்டின் வயசு, கவனிக்கவும். அதே தகட்டில் பிற்காலத்தில் திரும்ப அச்சடிக்கலாம், காகிதம் சொல்வதையும் கேட்க வேண்டும்.


வடக்கு வீதி எழுதியது:

தலைப்பை விட்டு ஒரு அடி விலகுகிறேன், மன்னிக்கவும். தலை தப்பிய ராணி என்றதும் எனக்கு நம் தஞ்சாவூர் மூத்த ராணி காமாட்சியம்பா பாய்தான் ஞாபகம் வருகிறார். 1855இல் அவர் கணவர், தஞ்சாவூர் மன்னர் சிவாஜி, ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனிக்காரன் ராஜ்யத்தோடு நிற்காமல் அரண்மனைச் சொந்தச் சொத்தையும் பூட்டி சீல் வைத்தான். மூத்த ராணி சும்மா இருக்கவில்லை, மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தும் காட்டினார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசாங்கம் அரசாங்கமாகச் செய்த காரியம், கோர்ட்டுக்கு விசாரிக்க அதிகாரம் இல்லை என்று தள்ளிவிட்டது. சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை நடத்துகிறார்கள். அவருக்கு யார் செப்புத் தகட்டில் முகம் செதுக்கினார்கள் சொல்லுங்கள்.


டிகிரி காபி எழுதியது:

இவர் அசல் மகளே இல்லை, சிறையிலிருந்து வெளியே வரும்போது ஆள் மாற்றிவிட்டார்கள், அசல் இளவரசி ஜெர்மனியில் முகத்தை மூடிக்கொண்டு ஒளிந்து வாழ்ந்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியானால் இந்தப் படத்தில் இருப்பது யார்?


கீழவாசல் எழுதியது:

அந்த ஜெர்மன் அம்மையார் இருந்தது உண்மை. ஹில்ட்பர்க்ஹவுசன் ஊரில் முகத்திரையோடு நடமாடியவர், இருட்டுச் சீமாட்டி என்றே பெயர். 2013இல் சமாதியைத் தோண்டி எலும்பை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். மரி அந்துவானெத் தாய்வழியோடு பொருந்தவில்லை, கதை அடுத்த வருஷமே முடிந்தது. தம்பிக்கும் இதே மாதிரி நடந்தது. நான்தான் தப்பித்த இளவரசன் என்று எத்தனையோ பேர் கிளம்பி இந்த அம்மாவைக் கடைசி வரை தொல்லைப்படுத்தினார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எடுத்து வைத்திருந்த இதயத்தை 2000இல் சோதித்தார்கள், அது அந்தக் குடும்பத்து ரத்தம்தான். 2004இல் சான் தெனி தேவாலயத்தில் வைத்து அடக்கம் செய்தார்கள்.


அரசலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. அத்தையிடம் முழுக் கதையையும் வாசித்துக் காட்டினேன். சுவரில் எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

சட்டத்தைக் கழற்றினோம். காகிதம் ஒட்டவில்லை, நல்லவேளை. டார்ச் அடித்ததும் சுற்றி நாலு பக்கமும் பள்ளம் தெரிகிறது, மூலைகள் கொஞ்சம் உருண்டை. கடைத்தெரு வாட்ச்காரரிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். முகம் முழுக்கப் புள்ளி, சீரே இல்லை, மூக்கின் நிழலில் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிறது, நெற்றியில் வெறும் காகிதம்தான், புள்ளியே கிடையாது. கவுனில் மட்டும் கோடு. விரலால் தொடக்கூடாது என்று தெரியும், ஆனாலும் அந்த எழுத்து வரிகள் லேசாக மேடாக இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் காகிதத்தில் வரி வரியாக எதுவும் இல்லை, ஒரே சீர். கீழ் ஓரத்தில் தேமல் மாதிரி பழுப்புப் புள்ளிகள்.

இப்போது முக்கியமான விஷயம். பின்னால் பலகைக்கும் படத்துக்கும் நடுவே ஒரு பிரெஞ்சு செய்தித்தாள். தலைப்பு இருக்கும் பகுதி கிழிந்துவிட்டது, உள்பக்கத்தில் தேதி 1931 என்று இருக்கிறது. அரிசி மில் விளம்பரம், கப்பல் புறப்படும் நேரம், எல்லாவற்றிலும் ஊர் சைகோன். தாத்தா அந்த வருஷம் அங்கேதான் இருந்தார் என்று பென்ஷன் புத்தகம் சொல்கிறது.


திருமலைராயன் எழுதியது:

அப்படியானால் சைகோனில் சட்டம் போட்டிருக்கிறார். சரி. ஆனால் சைகோனுக்கு அது எப்படிப் போனது என்பது இன்னும் திறந்த கேள்விதானே? காரைக்காலிலிருந்து அவரே எடுத்துப் போயிருந்தால்?


கீழவாசல் எழுதியது:

பட்டாளத்துக்குப் போகிறவன் டிரங்குப் பெட்டியில் ராணி படத்தை எடுத்துக்கொண்டா போவான், விடுங்கள் ஐயா :)


சட்டமும் கண்ணாடியும் எழுதியது:

அம்மா, அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். பள்ளமும் சீரில்லாத புள்ளியும் சேர்ந்தால் கைச்செதுக்குத்தான். மேடாக நிற்கிற எழுத்து இன்னும் நல்ல அடையாளம், தகட்டின் குழியிலிருந்த மை அப்படித்தான் காகிதத்தில் எழும்பி நிற்கும். வரியில்லாத காகிதம் அந்தக் காலத்துக்கு ஒத்துவரும், அதற்குப் பிந்திய காலத்துக்கும் ஒத்துவரும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. செய்தித்தாள் தேதி சட்டம் போட்ட காலம், படத்தின் காலம் இல்லை.

விலை விஷயம். வியாபாரி அசல் என்று சொன்னதில் பொய் இல்லை, தலை வெட்டப்பட்ட மகாராணி என்றதுதான் கதை, கதைக்குத்தான் அவர் வேறு ஒருவரிடம் விலை வாங்குவார். இந்த மாதிரி ஒற்றை முக அச்சு, மூலை தின்னப்பட்டு, செதுக்கியவர் பெயர் போய்விட்டால் பெரிய பணம் வராது. வீடு வாங்கிக் கொடுக்கிற சாமான் என்று பெரியப்பா நினைத்திருந்தால் அந்த நினைப்பை விடச் சொல்லுங்கள். பெரிய பணம் இல்லை என்பதே வைத்துக்கொள்வதற்கு நல்ல காரணம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் லேமினேஷன் கூடவே கூடாது. எங்கள் கடைக்கு வாரத்துக்கு ஒருவராவது தாத்தாவின் கல்யாணப் படத்தை லேமினேட் செய்துவிட்டு, இதை எடுத்துக் கொடுங்கள் என்று வருகிறார், எடுக்க வராது. ஃபெவிகால், செல்லோடேப் இரண்டும் வேண்டாம். தின்ற மூலையை நிரப்ப வேண்டாம், பழுப்பை வெளுக்க வேண்டாம். அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு கேளுங்கள், சாதா பழுப்பு அட்டை பத்து வருஷத்தில் காகிதத்தை அப்பளமாக்கிவிடும். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். அதற்குத்தான் நடுவில் வெட்டிய மவுண்ட், அழகுக்கு மட்டும் இல்லை. கண்ணாடியைத் துடைக்கும்போது ஸ்பிரே அடிக்காதீர்கள், துணியை நனைத்துப் பிழிந்து துடைத்துக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

உங்கள் ஊரில் உப்புக் காற்று வேறு. வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில், வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவரில் படியாமல் காற்று போகும். பீரோவில்தான் வைப்பேன் என்றால் தட்டையாக, வெள்ளைக் காகித உறையில் வையுங்கள். அந்தத் தட்டில் ஒரு துணி முடிச்சு, வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கொஞ்சம் கற்பூரம் பொடித்துப் போட்டது. சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு இதைத்தான் வைத்தார்கள். முடிச்சு படத்தின் மேல் படக்கூடாது, வாசனை போனதும் மாற்றுங்கள், ராமபாணம் எட்டிப் பார்க்காது.


அரசலாற்றங்கரை எழுதியது:

பெரியப்பாவுக்கு விலை விஷயம் தெரிந்ததும் உற்சாகம் போய்விட்டது, நீயே எடுத்துக்கொள் என்றார். பதிலுக்கு ஊஞ்சல் சங்கிலி அவருக்கு. சித்தி மட்டும் இன்னும் ரேக்கு என்று முனகிக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒன்று, அந்த சைகோன் செய்தித்தாளை மறுபடி படத்துக்குப் பின்னாலேயே வைத்துவிடலாமா? இரண்டும் இத்தனை வருஷம் சேர்ந்தே இருந்திருக்கிறதே.


சட்டமும் கண்ணாடியும் எழுதியது:

வைக்காதீர்கள். செய்தித்தாள் காகிதத்தில்தான் அமிலம் அதிகம், கீழ் ஓரப் பழுப்பில் பாதி அது கொடுத்ததாகக்கூட இருக்கலாம். தனி உறையில் போட்டு, மேலே பென்சிலால் எந்தப் படத்தின் பின்னால் இருந்தது என்று எழுதி, பென்ஷன் புத்தகத்தோடு வையுங்கள். சட்டம் பழைய மரமே நன்றாக இருந்தால் மாற்ற வேண்டாம், உள்பக்கம் மட்டும் புதுசு போதும். எங்கே கொடுத்தாலும் ஐப்பசி பிறப்பதற்குள் கொடுத்துவிடுங்கள், மழை பிடித்துவிட்டால் போர்டு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே வரும், அந்த ஒன்றரை மாதம் நானே காகித வேலை எடுப்பதில்லை.